சைலஸ் அண்ணனோடு ஒரு வெள்ளோட்டம்

லவினா டீச்சரின் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு போன அன்றுதான் என் வண்டி என் மானத்தை வாங்கியது. மார்ச் மாதம், பகல் பன்னிரண்டு மணி. கோலார் தங்கவயல் ஊரிகத்தில் எங்கள் சுரங்க லைன் வீடுகளின் மூன்றாவது வரிசையைத் தாண்டிக்கொண்டிருந்தோம். பின்னால் நடந்து வந்தவர்கள் பாட்டின் நான்காவது சரணத்தில் இருந்தார்கள். பானெட்டுக்குள்ளிருந்து முதலில் ஒரு விசில் சத்தம். அப்புறம் ரேடியேட்டர் மூடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஆவி அடித்த அடியில் கண்ணாடியும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. பாட்டு நின்றுபோனது. முப்பத்தைந்து வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரந்தவறாமை சொல்லிக்கொடுத்த டீச்சரை, வழியில் போன ஒரு சரக்கு ஆட்டோவை மறித்து, தக்காளிப் பெட்டிகளை இறக்கிவிட்டு, அதில் ஏற்றி ஒன்றரை மணி நேரம் தாமதமாக அனுப்பிவைத்தோம்.

என் பெயர் இசபெல்லா. வயது ஐம்பத்து மூன்று. வண்டி என்னைவிட நான்கு வயது சின்னது. என் வீட்டுக்காரர் ஸ்டீவன், மைன்ஸ் மூடிய பிறகு ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப். சிமெண்ட் மூட்டை, பீரோ, கல்யாணப் பாத்திரம் எல்லாம் ஏற்றுவார். லைனில் யாராவது இறந்துபோனால் பெட்டியும் அதில்தான் போகும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவரும் அதில்தான் போனார். அடுத்த வாரமே ஆளாளுக்கு வந்து, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்றார்கள். எனக்கு அப்படி யாராவது சொன்னால் அதற்கு எதிராகச் செய்தே தீரவேண்டும். ஓட்டக் கற்றுக்கொண்டேன். பெட்டி வண்டியைப் பொம்பளை ஓட்டுவதா என்று முணுமுணுத்தவர்கள் ஆறு மாதம் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்கள் வீட்டிலும் சாவு வந்தது, என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் எந்த வரிசையில் குடியிருந்தாலும் பெட்டி எல்லா வரிசையையும் சுற்றிவிட்டுத்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். படுக்கையில் கிடக்கிற கிழடுகட்டைகூட வாசல்வரை வந்து ஒரு பூ போட்டு அனுப்பவேண்டும். அதனால் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். அதுவும் வயசானவர்கள் நடக்கிற வேகம். முதல் கியரில் முழுசாக ஒரு மணி நேரம். ரோட்டில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று தானாகக் கிடைக்கும், ரேடியேட்டர் ஆறிக்கொண்டே போகும். ஊர்ந்து போகிற வண்டிக்கு அந்தக் காற்று ஏது? இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆவி பறக்கிற பானெட்டின் முன்னால் நின்றுகொண்டு எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை செயலாளர் ஹரோல்ட் அறிவிப்பு வாசித்தார். இனிமேல் அடக்கத்துக்குப் பங்காருபேட்டையிலிருந்து கண்ணாடி வண்டி வரும். அதற்கு மறுநாளே சர்ச் கேட்டில் புது தகர போர்டு ஒன்று தொங்கியது: "பழைய வாகனங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை." சபையில் பழைய வாகனம் எத்தனை இருக்கிறது? என்னுடையது ஒன்றுதான். பெயரையே எழுதியிருக்கலாம்.

கண்ணாடி வண்டியையும் பார்த்தேன். ஏசி, பூ வேலைப்பாடு, நீல விளக்கு எல்லாம் இருந்தது. ஆனால் லைனுக்குள் நுழையாது, சந்து சின்னது. மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டு டிரைவர் ஹாரன் அடிப்பான், அவனுக்கு இன்னும் இரண்டு சாவு காத்திருக்கும். வரிசையில் வாசலில் பூவோடு நின்றவர்கள் பூவோடு உள்ளே போனார்கள்.

இதில் என்னைவிடக் கொதித்தவர் எதிர்வீட்டு சைலஸ் அண்ணன். எழுபத்து நான்கு வயது. முப்பது வருடம் அண்டர்கிரவுண்டில் பாறை துளைத்தவர். அந்தத் தூசியெல்லாம் இப்போது நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. கட்டிலிலிருந்து வாசல் நாற்காலிக்கு வருவதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்குவார். டாக்டர் அவருக்கு மாதக் கணக்கு சொல்லிவிட்டார் என்பது லைன் முழுக்கத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"இசபெல்லா, இங்க வாம்மா," என்று கூப்பிட்டார். "உன் வண்டி எப்போ ரெடியாவும்?"

"ரெடி பண்ணி இன்னாண்ணா பண்றது? அதான் போர்டு மாட்டிட்டாங்களே."

"போர்டு கெடக்குது. என்னை அந்தக் கண்ணாடிப் பொட்டியில ஏத்தினா நான் எழுந்து நடந்தே பூடுவேன், சொல்லிட்டேன். எல்லா வரிசையும் பாத்துட்டுத்தான் போவேன். உன் வண்டியிலதான் போவேன். சீக்கிரம் பண்ணு, எனக்கு டைம் இல்ல."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ரேடியேட்டரைக் கழற்றிப் பங்காருபேட்டைக்கு எடுத்துப்போனேன். அங்கே ஸ்டேஷன் பக்கம் மஞ்சுநாத் என்று ஒருவர், ரேடியேட்டர் வேலையில் கெட்டிக்காரர். மேல் டேங்கை நெருப்பில் காட்டிப் பிரித்தவர் என்னைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். தண்ணீர் போகும் குழாய்களில் பாதி, சுண்ணாம்பு பூசி அடைத்த மாதிரி வெள்ளையாக மூடிக்கிடந்தது.

"அக்கா, இதுக்கு போர் தண்ணி ஊத்தினது யாரு? ஸ்டீவன் அண்ணா மழைத்தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்துவாரே."

ஊற்றியது நான்தான். எங்கள் போர் தண்ணீரை இரண்டு நாள் வைத்தால் குடத்தின் அடியிலேயே வெள்ளை படியும். தினமும் அந்தக் குடத்தைத் தேய்த்துக் கழுவுகிறவள் நான். வண்டிக்கும் அதையே மூன்று வருடமாக ஊற்றியிருக்கிறேன். யார்மேலோ இருந்த கோபமெல்லாம் அங்கேயே என் பக்கம் திரும்பிவிட்டது.

"புதுசா அலுமினியத்துல செஞ்சு வாங்கலாம் அக்கா, பெங்களூர்ல," என்று ஒரு விலை சொன்னார். நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது ஆகல்லனா இன்னொண்ணு கீது, குந்துங்க," என்றார். மேல் டேங்க், கீழ் டேங்க் இரண்டும் நல்ல பித்தளை, அதை வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் குழாய்க்கட்டு, அவர்கள் பாஷையில் கோர், அதை மட்டும் மாற்றலாம். என்னுடையதில் குழாய் இரண்டு வரிசை. உடைத்துப் போட்ட லாரி ஒன்றிலிருந்து நான்கு வரிசைக் கோர் அவரிடம் கிடந்தது. அளவுக்கு வெட்டி, என் டேங்குகளை அதன்மேல் பற்றவைத்துவிடலாம். காரிலிருந்து கழற்றிய கரண்ட் ஃபேன் ஒன்றையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். ரேடியேட்டருக்குப் பின்னால் இன்ஜினோடு சுற்றும் ஃபேன் ஏற்கெனவே உண்டு. ஊர்ந்து போகும்போது அது மெதுவாகத்தான் சுற்றும், அதற்குத் துணையாக முன்னால் இது. கூலிக்குப் பதிலாக அவருடைய பழைய இரும்பை மூன்று நடை ஏற்றிக் கொடுப்பதாகப் பேசி முடித்தேன்.

வண்டியில் மாட்டும் வேலைக்கு என் கொழுந்தன் நோயல் வந்தான். மைன்ஸில் பதினோரு வருடம் ஃபேன் ஹவுஸில் இருந்தவன். சுரங்கத்துக்குள் காற்று ஓடவைக்கிற ராட்சச ஃபேன் இருக்குமே, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இப்போது தினமும் ரயிலேறி பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்தில் எலக்ட்ரிஷியனாக இருக்கிறான். ஞாயிறு மட்டும்தான் வீட்டில். அந்த ஞாயிற்றையும் என் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கழித்தான். காய்ச்சி ஆறவைத்து வடிகட்டிய தண்ணீரை நானே என் கையால் ஊற்றினேன்.

மத்தியானமே வரிசைகளைச் சுற்றினோம். காலி வண்டி, முதல் கியர். பத்து நிமிடம் சூட்டு முள் நல்லபிள்ளையாக நடுவில் நின்றது. பதினெட்டாவது நிமிடம் சிவப்பைத் தொட்டுவிட்டது.

நோயல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கோர் பத்தல போல கீது அண்ணி."

"லாரியையே ஆறவெச்ச கோர்டா அது. இதுக்குப் பத்தலையா?"

அந்த நேரம் பார்த்து ஹரோல்ட் ஸ்கூட்டரில் வந்து நின்றார். சூடாக இருக்கும் பானெட்டைப் பார்த்துவிட்டு, ரொம்ப வருத்தத்தோடு சொல்வதுபோலச் சொன்னார்: "சிஸ்டர், விட்டுடுங்க. இது ஆண்டவர் சித்தம்."

"ஆண்டவர் சித்தம்னா ஆண்டவரே வந்து சொல்லட்டும் பிரதர். நீங்க எதுக்கு ஸ்கூட்டர்ல வந்து சொல்றீங்க?"

அவர் போய்விட்டார். கோபத்தில் எனக்கு மூளை கொஞ்சம் நன்றாகவே வேலை செய்யும். கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் மைன்ஸில் காற்றோட்டப் பிரிவு ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். எந்தச் சுரங்கப் பாதையில் எவ்வளவு காற்று போகிறது, எங்கே போகாமல் நிற்கிறது என்று தினம் ரிப்போர்ட் அடித்த கை இது. காற்று போகிறதா என்று சந்தேகம் வந்தால் அங்கே புகை விட்டுப் பார்ப்பார்கள். அதை ஏன் இங்கே செய்யக்கூடாது? எங்கள் வீட்டில் ஊதுபத்தி கிடையாது. பக்கத்து வீட்டு பார்வதம்மாவிடம் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு கட்டையே கொடுத்து, வண்டிக்குப் பூசையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இன்ஜின் மட்டும் ஓடும்போது வண்டியின் முன்னால் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை மெதுவாக ரேடியேட்டருக்குள் போனது. கரண்ட் ஃபேனைப் போடு என்றேன். போட்டதும் புகை உள்ளே போவதை விட்டுவிட்டு, என் மூஞ்சிக்கே வந்தது. அப்புறம் அங்கேயே சுழன்று நின்றது.

"நோயல், ரெண்டு ஃபேனையும் எதிரெதிரா சண்டைக்கு விட்டிருக்கியேடா! பின்னாடி இருக்கறது உள்ள இழுக்குது, நீ மாட்டினது வெளிய இழுக்குது."

"ஃபேன்னா வெளியத்தான இழுக்கணும் அண்ணி? கெட்ட காத்து வெளிய போனாத்தான நல்ல காத்து உள்ள வரும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். சுரங்கத்தில் அப்படித்தான். பெரிய ஃபேன் ஷாஃப்ட்டின் வாயில் உட்கார்ந்து உள்ளே இருக்கிற கெட்ட காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். பதினோரு வருடம் அதையே பார்த்த கை, இங்கேயும் அப்படியே மாட்டிவிட்டது. எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் இப்படி மாட்டியிருக்கமாட்டார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேரும் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம்.

வயரை மாற்றி, இறக்கையையும் திருப்பிப் போட்டான். இப்போது புகை ஒழுங்காக உள்ளே போனது. ஆனால் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இன்ஜின் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நான்கு பக்கமும் இடைவெளி. ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுப்பதைவிட, பக்கத்துச் சந்து வழியாகச் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. காற்று சோம்பேறி. சுலபமான வழி ஒன்று திறந்திருந்தால் கஷ்டமான வழியில் அது ஏன் போகும்? சுரங்கத்தில் இந்த மாதிரி இடத்தில் தார்ப்பாய்த் துணி கட்டி மறிப்பார்கள். இங்கே துணி கட்டினால் ஃபேனில் சுற்றிக்கொள்ளும். கெட்டியான தகரம் வேண்டும். ஃபேனைச் சுற்றி ஒரு கூடு மாதிரி.

நல்ல தகரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில், சர்ச் வாசலைக் கூட்டுகிற அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கேட்டில் இருந்த போர்டின் நான்கு ஸ்குருவையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். திருட்டுதான். ஒளித்துச் செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த ஞாயிறு நோயல் அதை வெட்டி வளைத்து, ரேடியேட்டரின் பின்னால் கூடாக்கி மாட்டினான்.

அந்த ஞாயிறு சுற்றியபோது நாற்பது நிமிடம் முள் அசையவில்லை. எனக்கு அது போதவில்லை. சாவு ஊர்வலம் என்றால் பாரம் இருக்கும், நின்று நின்று போகவேண்டும், வெயில் மண்டையைப் பிளக்கும். மறுபடியும் ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு நடுரோட்டில் அவமானப்பட என்னால் முடியாது. முழு ஊர்வலமாகப் பார்த்தால்தான் நம்புவேன். அதற்கு யார் பிணம் கொடுப்பார்கள்?

"நான் வரேன்," என்றார் சைலஸ் அண்ணன்.

அவர் மனைவி பாக்கியவதி அக்கா, அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தோடு வெளியே வந்தார். "இன்னா பேச்சு பேசற நீ? உசுரோட கீற மனுசனை பொட்டி வண்டியில ஏத்துவாளா அவ?"

"செத்தப்புறம் ஏத்தினா நான் இன்னாத்த பாக்கப் போறேன் பாக்கியம்?" மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி சொன்னார். "எல்லாரும் வாசல்ல வந்து நிப்பாங்க. எனக்குப் பாக்கணும்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். உள்ளே போய், கிறிஸ்மஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் மாதம், சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு. வண்டியின் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டி அண்ணனை உட்காரவைத்தோம். குடை பிடிக்க அக்காவும் ஏறிக்கொண்டார். பாரத்துக்கு நான்கு சிமெண்ட் மூட்டை. லீவு போட்டிருந்த நோயல் என் பக்கத்து சீட்டில் சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் வரிசையில் பத்துப் பேர் நடந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஐம்பது பேர். சாவுப் பாட்டு பாட எல்லோருக்கும் கூச்சம். அண்ணனே கத்தினார்: "கிறிஸ்மஸ் பாட்டு பாடுங்கடா!" சித்திரை வெயிலில் லைன் முழுக்கக் கிறிஸ்மஸ் பாட்டு. வாசல்களில் நின்றவர்கள் முதலில் விழித்தார்கள், அப்புறம் சிரித்தார்கள், அப்புறம் பூ போட்டார்கள். ஒவ்வொருவரையும் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பார்வதம்மா மட்டும் பூ போடமாட்டேன் என்று அழுதுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்தார். முள் நடுவிலேயே நின்றது.

சர்ச் முனையில் ஹரோல்ட் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். நான் பிரேக் போட்டேன். வண்டி நிற்பது ஊர்வதைவிட மோசம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

"சாவை விளையாட்டாக்கறீங்க சிஸ்டர். இன்ஜினை நிறுத்துங்க."

"நிறுத்தமாட்டேன்."

"கேட்ல இருந்த போர்டு எங்க?"

"வேலை செய்யுது பிரதர்."

கூட்டத்தில் யாரோ பொங்கிச் சிரித்தார்கள். ஹரோல்டின் முகம் சிவந்தது. பின்னாலிருந்து சைலஸ் அண்ணனின் குரல், இரண்டு மூச்சில் வந்தது. "ஹரோல்ட்... என்னோட சாவு. நான் ஒரு தபா பாத்துக்கறேன். உனக்கு இன்னா?"

ஹரோல்ட் நகரவில்லை. பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அது கொதிப்பதற்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. கூட்டமும் பானெட்டைப் பார்த்தது. பாட்டு நின்றுவிட்டது. முள் நடுவை விட்டுக் கிளம்பியது. நோயல் என் முழங்கையைப் பிடித்தான். ஐந்து நிமிடம். எனக்கு முதுகில் வேர்வை ஓடியது. இன்றைக்கும் இது என்னைக் கைவிட்டால் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு நடந்து போய்விடுவேன் என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். முள் சிவப்புக்கு ஒரு விரல் கீழ்வரை ஏறியது. அங்கே நின்றது. எட்டு நிமிடம், பத்து நிமிடம், அங்கேயே நின்றது.

ஹரோல்ட் கையை இறக்கினார். ஒரு அடி, பிறகு இன்னொரு அடி, ஓரமாகப் போய் நின்றார். நான் முதல் கியரைப் போட்டேன். அவரைத் தாண்டும்போது ஏதாவது சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்தது. கண்ணை முள்ளில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

கல்லறைத் தோட்டத்து வாட்ச்மேனுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. பெட்டி வண்டியையும் கூட்டத்தையும் பார்த்துப் பழக்கத்தில் இரண்டு கேட்டையும் அகலமாகத் திறந்துவிட்டான். நான் வாசலிலேயே நிறுத்தி இறங்கிப் பின்னால் போனேன். சைலஸ் அண்ணன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மடியில் பூவும் வாழைப்பழமும் இருந்தன. பாக்கியவதி அக்கா அவர் தோளைப் பிடித்திருந்தார்.

"தண்ணி கொதிச்சுதா?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்லண்ணா."

"வழியில எங்கியும் நிக்காதில்ல?"

"நிக்காதுண்ணா. நான் கொண்டாந்து சேர்க்கறேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு பழத்தை உரித்து அக்காவிடம் கொடுத்தார். இன்னொன்றை உரித்துத் தான் ஒரு கடி கடித்தார். "அப்ப திருப்பு. பசிக்குது."

வாட்ச்மேன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, அந்தக் கேட்டுக்குள்ளேயே வண்டியை முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பினேன். கோலார் தங்கவயலில் எத்தனையோ வண்டி அந்த வாசலுக்கு ஆளைக் கொண்டுபோயிருக்கிறது. கொண்டுபோன ஆளைத் திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிட்டது என் வண்டி ஒன்றுதான்.